துறந்தாரா, விட்டுப் போனாரா

பாறசாலையில் நான் பஸ் ஏறுகிற இடத்துக்கு எதிரே ஒரு பேக்கரி இருக்கிறது. அதன் கண்ணாடிக் கதவில் மலையாளத்தில் ஒரு வரி ஒட்டியிருப்பார்கள். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் மலையாள எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்துப் பழகிக்கொண்டிருந்தேன். அப்படி நான் முதன்முதலாக முழுதாகப் படித்து முடித்த வரி அது. "ஞாயறாழ்ச்சயும் துறந்நு ப்ரவர்த்திக்கும்." ஞாயிற்றுக்கிழமையும் துறந்து செயல்படும். முட்டைப் பஃப்ஸும் வாழைக்காய்ச் சிப்ஸும் விற்கிற கடை எதைத் துறந்துவிட்டுச் செயல்படுகிறது என்று யோசித்துக்கொண்டே நின்றதில் ஒரு பஸ்ஸை விட்டேன். மலையாளத்தில் துறப்பது என்றால் திறப்பது. இங்கே தமிழ் பேசுகிற வீடுகளிலும் அப்படித்தான். கதவைத் தொறப்பார்கள், கடையைத் தொறப்பார்கள், குடையைக்கூடச் சிலர் தொறப்பார்கள். எங்கள் ஊரில் சாமியார்கள் மட்டும் செய்கிற காரியத்தை இங்கே எல்லாரும் தினமும் காலையில் எழுந்தவுடன் செய்கிறார்கள்.

புலம்பெயர்ந்தவர்கள் என்றால் கடல் கடந்து போனவர்கள்தான் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. நான் பிறந்த அருப்புக்கோட்டையிலிருந்து கேரள எல்லைக்குள், பாறசாலைக்கும் செங்கல் என்கிற ஊருக்கும் நடுவிலிருக்கும் இந்த வீட்டுக்கு ஒரு பகல் பஸ் பயணம்தான். பாஸ்போர்ட் வேண்டாம். ஆனாலும் எல்லை தாண்டி வாக்கப்பட்டு வந்த பெண்களைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை நாள் தன் பேச்சைத் தானே திருத்திக்கொண்டு திரிந்தார்கள் என்று சொல்வார்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். பக்கத்து வீட்டில் தாளிக்கும்போது நம் வீட்டில் தும்மல் வரும். இங்கே ஒவ்வொரு வீடும் அதனதன் தென்னைக்கும் பலாவுக்கும் ரப்பருக்கும் நடுவே தனியாக நிற்கிறது. மழை பெய்தால் அடுத்த வீடு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். எங்கள் ஊரில் ஒரு மனிதன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் தெரு முழுக்க எங்கே எங்கே என்று கேட்கும். இங்கே ஒருவர் வீட்டை விட்டுப் போனால் அக்கம்பக்கத்துக்குத் தெரியவே பல நாளாகும். என் கணவர் போனது அப்படித்தான்.

அவர் பெயர் ஜெயன். சிவகாசியில் நாள்காட்டி அச்சடிக்கும் ஒரு அச்சகத்தில் மெஷின் ஓட்ட வந்தவர். நான் தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு அதே அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் தாள் கிழிக்கிற காலண்டர்களில் கீழே ஒரு பொன்மொழி வருமே, அதையெல்லாம் பிழை பார்ப்பதுதான் என் வேலை. ஒருநாள் கையில் ஈரமான தாளோடு என் மேசை முன்னால் வந்து நின்றார். "ஆசையைத் துற" என்று அச்சாகியிருந்தது.

"மேடம், ஒரு சம்சயம். ஆசெயெ எதுக்கு தொறக்கணும்? அது அடச்சு கெடக்கா?" என்று கேட்டார்.

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. துறத்தல் என்றால் வேண்டாமென்று விடுவது, முற்றும் நீங்குவது என்று சொன்னேன். அவர் தாளை இன்னொரு முறை பார்த்தார். "எங்களுக்க ஊருல இதெ வாசிச்சா எல்லாவனும் ஆசெயெ தொறந்து விட்டிருவான் மேடம்" என்றார். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவர் சந்தேகம் கேட்க அடிக்கடி வந்தார். என் அப்பா சம்மதிக்க வெகுநாள் ஆயிற்று. "பாஷை ஒண்ணுன்னு நினைச்சுப் போகாத. கேக்கத்தான் ஒண்ணு மாதிரி இருக்கும்" என்று அப்பா சொன்னது இப்போது ஞாபகம் வருகிறது. அவர் அதைப் பெரிய எச்சரிக்கையாகச் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்.

இங்கே வந்தபின் ஜெயன் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். எனக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் தமிழ்ப் பிரிவில் தினக்கூலி ஆசிரியை வேலை கிடைத்தது. அம்மு பிறந்தாள். வீட்டில் நாங்கள் மூன்று பேரும், அவருடைய அம்மாவும். மாமிக்குப் பிறந்த வீடு வெள்ளறடைப் பக்கம். அங்கிருந்து கொண்டுவந்த ரப்பர்த் தைகளைத் தன் கையால் நட்டு மரமாக்கியவர். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார், யாருக்கும் பயப்படவும் மாட்டார். சோறு விஷயத்தில் மட்டும் எனக்கும் மாமிக்கும் ஒத்துப்போகவில்லை. அவர்களுக்குச் சிவந்த சம்பாச் சோறு, எனக்கு வெள்ளைச் சோறு. சண்டையெல்லாம் இல்லை. அடுப்பில் இரண்டு பானை ஏறியது, அவ்வளவுதான்.

ஜெயன் ஒவ்வொன்றாக நிறுத்தியது எப்போது தொடங்கியது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முதலில் மீனை நிறுத்தினார். கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊரில் மீனை நிறுத்தினால் யாரும் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள். மாமி ஒரு வாரம் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். பிறகு டி.வி. பார்ப்பதை நிறுத்தினார். பிறகு பேச்சு குறைந்தது. குடிக்கவில்லை, அடிக்கவில்லை, வேறு பெண் இல்லை. அதனால் யாரிடமும் போய்ச் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. என் புருஷன் அமைதியாக இருக்கிறார் என்று யாரிடம் புகார் சொல்வது? பள்ளி விடுமுறையில் ஒரு கூட்டத்தோடு வடக்கே யாத்திரை போனார். கூட்டம் திரும்பி வந்தது, அவர் வரவில்லை. ஏதோ ஒரு நதிக்கரையில் ஒரு ஆசிரமத்தில் தங்கிவிட்டதாகச் சொன்னார்கள். "கொஞ்ச நாள் இங்க நிக்கேன் செல்வி" என்று போனில் சொன்னார். போன் அழைப்புகள் சுருங்கின. பள்ளி திறந்த அன்று காலையில் பிள்ளைகளின் அம்மாக்கள் ஒவ்வொருவராக எனக்குப் போன் செய்தார்கள். வேன் எந்தா வராத்தது டீச்சரே? வரமாட்டார் என்று ஒவ்வொருவருக்கும் ஒரே வாக்கியத்தைச் சொன்னேன். கடைசிப் போனை வைக்கும்போது அந்த வாக்கியத்தில் யார் வரமாட்டார் என்பதே எனக்கு உறைக்கவில்லை. பிறகு வேனை அவருடைய சிநேகிதர் ஒருவர் எடுத்துக்கொண்டார். நான் அழவில்லை. அழாமல் இருந்தது தைரியத்தால் அல்ல. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அந்த மாதிரி சில நேரம் என்னை நானே கிள்ளிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

ஒன்றரை வருடம் போலக் கழிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முற்றத்தில் ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து காவி கட்டிய ஒரு வயதான சுவாமி இறங்கினார். மறுபக்கத்திலிருந்து வெள்ளை வேட்டியும் மொட்டைத் தலையுமாக ஜெயன் இறங்கினார். மாமி பின்பக்கத்தில், மரவள்ளி என்று நாங்கள் சொல்கிற மரச்சீனிக் கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுக் கையைத் துடைத்தபடி முன்னால் வந்தார். மகனைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"மெலிஞ்சுபோனியே" என்றார். 

சந்நியாசம் வாங்குவதற்கு முன்னால் தாயிடமும் மனைவியிடமும் சம்மதம் கேட்க வேண்டும், தாயின் கையால் முதல் பிச்சை வாங்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கமாம். அதற்காகத்தான் வந்திருந்தார்கள். சுவாமி நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெயன் உட்காரவில்லை. மனப்பாடம் செய்துவந்தவர்போல, அச்சடித்த தமிழில் பேசினார்.

"அம்மா, நான் எல்லாவற்றையும் துறக்கப் போகிறேன். உங்கள் சம்மதம் வேண்டும்."

மாமிக்குப் புரியவில்லை. "எதெ லே தொறக்கப் போற? வாசலு முதல் அடுக்களை வரெ எல்லாம் தொறந்துதானே கெடக்கு?" என்று கேட்டார்.

சுவாமி குறுக்கிட்டார். அவர் மலையாளி. குரலில் உண்மையான கனிவு இருந்தது, அதை நான் மறைக்க விரும்பவில்லை. "அதல்ல அம்மே. ஸர்வவும் உபேக்ஷிக்குக எந்நாணு" என்றார். உபேக்ஷிப்பது என்றால் வேண்டாமென்று விட்டுப் போவது. அந்தச் சொல் மாமிக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் கைவிடப்பட்ட மாட்டுக்கும் வயலுக்கும் பெண்டாட்டிக்கும் அதே சொல்தான்.

 மாமி சுவாமியைப் பார்த்துச் சொன்னார்.

"உபேக்ஷிக்கதுக்கு அவனுக்கு என்னவாக்கும் உள்ளது சாமி? வீடு எனக்க பேருல. ரப்பரு எனக்க வீட்டுல இருந்து கொண்டுவந்தது. வேனு கூட்டுக்காரனுக்குப் போச்சு. இவளெ இவளுக்க அப்பன் வளத்து படிக்க வெச்சு விட்டாரு. பிள்ளெயெ நாங்க ரெண்டுபேருமாட்டு வளத்துதோம். இதுல அவனுக்குள்ளது எது? அவன் சொல்லட்டு."

சுவாமியின் முகம் மலர்ந்தது. "அதாணு அம்மே ஸத்யம்! ஒந்நும் நம்முடேதல்ல" என்று கையெடுத்துக் கும்பிட்டார். மாமி வேதாந்தம் பேசியதாக அவர் எடுத்துக்கொண்டார். தன்னுடையதல்லாததைப் பின்னே எப்படி விடுவது என்று மாமி முணுமுணுத்தது அவர் காதில் விழவில்லை. மாமி திரும்பி அடுக்களைக்குள் போய்விட்டார். கிழங்கை வெட்டிப் பாத்திரத்தில் போடுகிற சத்தம் வெளியே கேட்டது.

சுவாமி என் பக்கம் திரும்பினார். "மோளே, மனசு துறந்நு பறயூ. ஸம்மதமாணோ?"

மனம் திறந்து சொல் என்று அர்த்தம். அது எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் தினமும் கேட்கிற பேச்சு. ஆனால் அன்றைக்கு அந்த வாக்கியம் என் பாஷையில்தான் காதில் விழுந்தது. மனத்தைத் துறந்துவிட்டுச் சொல் என்று ஒருவர் என் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து என்னிடம் கேட்டார். நான் தமிழில் பதில் சொன்னேன்.

"நான் எதையும் துறக்கல."

சுவாமி குழம்பிப்போய் வாசல் கேட்டைப் பார்த்தார். அது விரியத் திறந்திருந்தது. ஜெயனிடம், "எந்தா துறக்காத்தது?" என்று கேட்டார். என்னைத் தவிர இரண்டு மொழியும் தெரிந்த ஒரே ஆள் அங்கே ஜெயன்தான். அவர் என்னைப் பார்க்காமல், "ஒந்நுமில்ல ஸ்வாமி" என்றார்.

அந்த நேரத்தில் அம்மு வீட்டுக்குப் பின்னாலிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். அப்பாவைப் பார்த்து நின்றாள். ஓடி வருவாள் என்றோ அழுவாள் என்றோ நினைத்தேன். அவளும் என்னைப் போலத்தான் ஆகிவிட்டிருந்தாள். "அப்பா, செயினு களந்து போச்சு" என்று மட்டும் சொன்னாள். ஜெயன் ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பெடலைப் பின்னால் சுற்றி, செயினைப் பல்லில் ஒவ்வொன்றாக ஏற்றினார். அச்சகத்தில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. எழுந்தபோது கையெல்லாம் கறுப்பு மை. வேட்டியில் படாமலிருக்கக் கைகளைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்ச் சோப்பு கொடுத்துத் தண்ணீர் ஊற்றினேன். அம்மு சைக்கிளோடு பின்னாலேயே வந்தாள்.

"ஒரு வார்த்தை சொன்னால் போதும் செல்வி" என்றார். இன்னும் அதே அச்சுத் தமிழ்.

"சொல்றேன். அதுக்கு முன்னால நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்" என்றேன். "துறக்கப் போறேன்னு நீங்க சொன்னா அது உங்களப் பத்தின பேச்சு. நீங்க பெரிசா ஒண்ணு செய்யறீங்கன்னு அர்த்தம். அதுல நாங்க எங்க இருக்கோம்னே தெரியல. அந்த வார்த்தைய அங்க போய் யார்கிட்ட வேணா சொல்லிக்கோங்க. இந்தப் புள்ளைக்குப் புரியற மாதிரி இவகிட்டச் சொல்லிட்டுப் போங்க."

 அவர் கையிலிருந்து சோப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். எனக்கு அவசரம் இல்லை. கோபம்கூட இல்லை. பிழையான பக்கத்தைத் திருத்தாமல் மெஷினுக்கு அனுப்பக் கூடாது என்கிற பழைய பழக்கம் மட்டும்தான் என்னிடம் மிச்சமிருந்தது என்று தோன்றுகிறது.

கடைசியில் அவர் அம்முவைப் பார்த்தார். "மக்களே, நான் ஒங்களெ விட்டுட்டுப் போறேனாக்கும்" என்றார். அது அவருடைய சொந்தப் பேச்சு, ஒற்றைப் பிள்ளையையும் மக்களே என்று கூப்பிடுகிற பேச்சு. அதைக் கேட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

"எப்பம் வருவீங்க?" என்று அம்மு கேட்டாள்.

"வரமாட்டேன் மக்களே."

அம்மு தலையாட்டினாள். பெடலை ஒரு சுற்றுச் சுற்றிச் செயின் ஓடுகிறதா என்று பார்த்தாள்.

"சரி, போங்க" என்றேன் நான். நாங்கள் முற்றத்துக்குத் திரும்பியபோது என்ன சொன்னாள் என்று சுவாமி கேட்டிருக்க வேண்டும். ஜெயன் ஏதோ சொன்னார். "நந்நாயி, நந்நாயி வரட்டெ" என்று சுவாமி என்னை ஆசீர்வதித்தார். எங்கள் ஊரில் சரி என்பதற்கு எத்தனையோ அர்த்தம் உண்டு. கேட்டுக்கொண்டேன் என்பதற்கும் சரி, இனிப் பேச ஒன்றுமில்லை என்பதற்கும் சரி. அவர் அதைச் சம்மதம் என்று கொண்டுபோனார். நான் திருத்தவில்லை.

மாமி ஒரு தட்டில் அவித்த கிழங்கும் உள்ளிச் சம்மந்தி என்கிற வெங்காயத் துவையலும் கொண்டுவந்தார். ஜெயன் துண்டை விரித்துக் கையை நீட்டினார்.

"கையெத் தாத்து லே" என்றார் மாமி. "இது பிச்செ இல்ல, சாப்பாடாக்கும். அங்க இருந்து தின்னுட்டுப் போ." அடுக்களைப் படியைக் காட்டினார். ஜெயன் சுவாமியைப் பார்த்தார்.  பிறகு படியில் உட்கார்ந்து சாப்பிட்டார். மாமி பக்கத்தில் நின்று இரண்டாம் தடவையும் கிழங்கு வைத்தார். காரம் அதிகமாகி ஜெயனுக்குக் கண்ணில் நீர் வந்தது. எரிப்பினால்தான் என்று நானும் மாமியும் எடுத்துக்கொண்டோம். பிறகு கார் கிளம்பிப் போனது.

சில மாதம் கழித்து அந்தச் சுவாமியே போன் செய்தார். தீட்சை முடிந்தது, புதுப் பெயர் வைத்தாயிற்று, அதற்கு முன்னால் முறைப்படி தனக்குத் தானே சிராத்தம் செய்துகொண்டார் என்று சொன்னார். இறந்தவருக்குச் செய்கிற காரியத்தை உயிரோடிருக்கும்போதே தனக்குச் செய்துகொள்வது. பழைய ஆள் இனி இல்லை என்று அர்த்தம். மாமியிடம் சொன்னேன்.

"அவனுக்குள்ள பலிய அவனே இட்டானா?"

"ஆமா மாமி."

"அதெ செய்யதுக்கு ஆளில்லாமலா போச்சு?" என்றார் மாமி. பிறகு ரப்பர் ஷீட்டைக் காயப்போடப் போய்விட்டார்.

என் நிலைமை என்ன என்பது ஊருக்கும் விளங்கவில்லை. தாலி இருக்கலாமா, பொட்டு வைக்கலாமா என்று சிலர் சுற்றிவளைத்துக் கேட்டார்கள். புருஷன் செத்தவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது, விவாகரத்து ஆனவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. துறந்தவருக்குத் துறவி என்று பெயர். துறக்கப்பட்டவளுக்கு நான் படித்த எம்.ஏ. தமிழில் ஒரு பெயரும் இல்லை. தாலியை நான் கழற்றவில்லை. ஒரு கொள்கையோடு வைத்திருக்கிறேன் என்றும் இல்லை. கழுத்தில் கிடந்தது, கிடக்கிறது.

அந்த வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு நடத்திய பாடத்தில் அந்த வினைச்சொல் வந்தது. துற, துறந்தான், துறந்தாள், துறந்தார். அது செயப்படுபொருள் குன்றாவினை, எதை என்ற கேள்விக்கு வாக்கியத்தில் பதில் இருக்க வேண்டும் என்று பலகையில் எழுதினேன். திற வேறு, துற வேறு என்று சொன்னேன். அரசன் நாட்டைத் துறந்தான், முனிவர் ஆசையைத் துறந்தார். நீங்களாக ஒரு வாக்கியம் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். பாதிப் பேர் கதவைத் துறந்திருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் சரியாக எழுதியிருந்தாள்: "எங்கள் டீச்சரின் வீட்டுக்காரர் குடும்பத்தைத் துறந்தார்." அவள் கேலியாக எழுதவில்லை. தெரிந்த ஒரு உதாரணத்தை எழுதியிருந்தாள், அவ்வளவுதான். நான் வாக்கியத்தைப் பார்த்தேன். எழுவாய் இருந்தது, செயப்படுபொருள் இருந்தது, வல்லினம் மிகும் இடத்தில் மிகுந்திருந்தது. சிவப்பு மையில் சரி போட்டேன். அடுத்த நோட்டை எடுத்தேன்.

எங்கள் அண்ணன் போன் செய்தார். அப்பா இறந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. அதனால் அப்பா பேச வேண்டியதையும் சேர்த்து அவரே பேச வேண்டியிருந்தது.

"வீட்டுக்காரனே வேணாம்னு போட்டுட்டுப் போன ஊர்ல நீ எதுக்கும்மா இருக்க? அம்முவக் கூட்டிக்கிட்டு வந்துரு. மாடி ரூம ஒழிச்சுத் தாறேன்."

"பாப்போம்ணே."

"என்னத்தப் பாக்கப் போற? அங்க உனக்கு யாரு இருக்கா?"

"மாமி உண்டு."

"உண்டா?" என்று அண்ணன் சிரித்தார். "உன் பேச்சே மாறிப்போச்சு. இருக்காங்கன்னு சொல்ல வராதா?"

அண்ணன் கேட்டது நியாயமான கேள்விதான். ஜெயனால்தான் நான் இங்கே வந்தேன். அவரே இந்த ஊரை வேண்டாமென்றுவிட்டார். இந்த மண்ணில் பிறந்தவர் போய்விட, வந்தவள் இருந்து ரப்பர் பாலைப் பிடிக்கத் தேங்காய்ச் சிரட்டை வைக்கிறேன். ஆனால் அருப்புக்கோட்டைக்குப் போனால் அங்கே காற்றில் தூசி கண்ணை உறுத்துகிறது. மீன் வாங்கினால் பழசாகத் தெரிகிறது. பேசினால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அண்ணன் போன் செய்ததை மாமியிடம் நான் சொல்லவில்லை. மாமி தானாகவே தெரிந்துகொண்டார். மறுநாள் காலையில் இரண்டு பானையையும் அடுப்பில் ஏற்றியபடி சொன்னார்.

"போணும்னா போ மக்களே. நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன். ஆனா காருல சாமியெக் கூட்டிட்டு வந்து எனக்க கிட்ட சம்மதம் ஒண்ணும் கேக்காண்டாம். சும்மா போனா மதி."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து வெகுநாளாகியிருந்ததால் முகத்தில் எங்கோ வலித்தது. நான் போகவில்லை. இருப்பது என்று முடிவு செய்தேன் என்றும் சொல்ல முடியாது. வெள்ளைச் சோறு வெந்ததும் வடித்தேன், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது.

நீங்கள் ஆடி அமாவாசை என்று சொல்கிற நாளை இங்கே கர்க்கடக வாவு என்கிறார்கள். அமாவாசை ஒன்றுதான். ஆறும் கடலும் இருக்கிற இடத்திலெல்லாம் காலையிலேயே கூட்டம் கூடி இறந்தவர்களுக்குப் பலி இடுவார்கள். இந்த வருடம் பொழியூர்க் கடற்கரைக்குப் போக வேண்டும் என்று மாமி சொன்னார். நானும் அம்முவும் கூடப் போனோம். போன தடவை நாங்கள் நின்ற இடத்தைக் கடல் எடுத்துவிட்டிருந்தது. அங்கே பாறாங்கற்களைக் கொட்டியிருந்தார்கள். அதற்கு இப்பால் மிச்சமிருந்த மணலில் வாழையிலைகளை வரிசையாகப் போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். காரியம் செய்விக்கிறவர் ஈர வேட்டியோடு ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"ஆர்க்கா அம்மே?"

"எனக்க வீட்டுக்காரருக்கு. பாஸ்கரன், உத்ரட்டாதி" என்றார் மாமி. ஜெயனின் அப்பா. நான் இங்கே வருவதற்கு முன்னாலேயே இறந்தவர்.

"வேற ஆரெங்கிலும் உண்டோ?"

மாமி இலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் அலையைப் பார்த்தேன். தனக்குத் தானே பலி இட்டுக்கொண்டவன் பெயரைச் சொல்வாரா என்று எனக்குத் தெரியவில்லை. முறைப்படி பார்த்தால் சொல்லலாமோ என்னவோ.

"வேற இல்ல" என்றார் மாமி. "மற்றவன் உயிரோட உண்டு."

காரியம் செய்விக்கிறவருக்கு அது யார் என்று தெரியாது. தலையசைத்துவிட்டு என்னிடம் வந்தார். "மோள்க்கோ?"

நான் மாமியின் பையைப் பிடித்துக்கொள்ளத்தான் வந்திருந்தேன். எங்கள் வீட்டில் பெண்கள் இதற்கெல்லாம் உட்காருவதில்லை. அந்த நேரத்தில் அருப்புக்கோட்டையில் அண்ணன் குளித்துவிட்டு எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருப்பார். ஆனால் எனக்குப் பக்கத்தில் ஒரு காலி இலை இருந்தது. உட்கார்ந்தேன்.

"அப்பாவுக்கு" என்றேன்.

"பேரு?"

"சுப்பையா."

"நக்ஷத்ரம்?"

தெரியவில்லை.

"வீட்டுப்பேரு?"

எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. மேலத்தெரு என்று சொன்னால் எங்கள் ஊரில் போதும். அவர் காத்துக்கொண்டு நின்றார். பின்னாலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஸ்தலம் எங்கிலும் பறயூ."

"அருப்புக்கோட்டை."

"அது குறே தூரமாணல்லோ" என்றார். பிறகு என் விரலில் தர்ப்பை மோதிரத்தைப் போட்டுவிட்டார். "ஸாரமில்ல. அச்சன் அறிஞ்ஞு வந்நோளும்." பரவாயில்லை, அப்பா தெரிந்துகொண்டு வந்துவிடுவார் என்று அர்த்தம். நான் தவறாகப் புரிந்துகொள்ளாத வாக்கியம் அது. கண் நிறைந்தது. அதைத் துடைக்கக் கை காலியாக இல்லை, கையில் எள்ளும் சோறும் இருந்தன.

சோற்று உருண்டைகளை இலையில் வைத்துத் தண்ணீர் விட்டு எழுந்து தள்ளி நின்றோம். இனிக் காகத்தைக் கூப்பிட வேண்டும். இங்கே ஈரக் கையைத் தட்டித்தான் கூப்பிடுவார்கள். மாமி இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துத் தட்டினார். எனக்கு அப்படித் தட்ட வரவில்லை, சத்தமே எழவில்லை. நான் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கூப்பிடுவதுபோல் "கா… கா…" என்று கத்தினேன். வரிசையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை. அம்மு எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று மாமியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையைத் தட்டிக்கொண்டே "கா… கா…" என்று கத்தத் தொடங்கினாள். பாறாங்கல்லின் மேலிருந்து ஒரு காகம் எழும்பித் தாழப் பறந்து வந்தது. மாமியின் இலைக்கும் என் இலைக்கும் இடையிலிருந்த ஈர மணலில் இறங்கித் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. நாங்கள் மூன்று பேரும் சத்தத்தை நிறுத்திவிட்டு அசையாமல் நின்றோம்.